கதிர்காமத்துத் தேன்சிட்டின் வரவு செலவு

"கதிர்காமத்துக்குப் புறப்படுகிறோம்" என்று நாம் சொன்னதுதான் தாமதம், பக்கத்து வீட்டுப் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருநீறும் பிரசாதமும் மறவாமல் கொண்டு வர வேண்டும் என்று கட்டளையும் இட்டுவிட்டார். பாஸ்போர்ட், விமான டிக்கெட் எல்லாம் ஆயிற்றா என்று வெகு அக்கறையுடன் விசாரித்தார். நாம் போவது இலங்கையிலுள்ள கதிர்காமத்துக்கு அன்று, புதுச்சேரியிலுள்ள கதிர்காமத்துக்கு என்று விளக்கியபோது அவர் முகம் சற்று வாடியது.

"அங்கே என்ன விசேஷம்?" என்றார்.

"தேன்சிட்டு" என்றோம்.

"அதற்காகவா இவ்வளவு தூரம்? நம் வீட்டுச் செம்பருத்தியிலேயே தினம் வந்து உட்காருகிறதே!"

உட்காருகிறதுதான். ஆனால் அது ஏன் வருகிறது, எந்த நாளில் வராமல் நின்றுவிடுகிறது, வராத நாளில் வயிற்றுப்பாட்டுக்கு எங்கே போகிறது என்பதையெல்லாம் அவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. கேட்டவர் ஒருவர் இருந்தார். அவர் கதிர்காமத்திலுள்ள நம் நண்பரின் தாயார். எண்பது வயதை நெருங்கும் அந்த அம்மாள் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகத் தேன்சிட்டுகளைப் பார்த்து வருகிறவர். "கல்யாண முருங்கை பூத்துவிட்டது. அம்மா உங்களை வரச் சொல்லுகிறாள்" என்று நண்பர் எழுதியிருந்தார். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் புறப்பட்டோம்.

புதுச்சேரி என்றால் கடற்கரையும், நேர்கோடு பிடித்தாற்போன்ற வெள்ளைக்காரத் தெருக்களுமே பலருக்கும் நினைவு வரும். கதிர்காமம் அந்தப் புதுச்சேரி அன்று. நகரிலிருந்து வழுதாவூர்ச் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால், கடைகளும் மாடிவீடுகளும் மருத்துவக் கல்லூரியுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஊர் இது. வடக்கே சற்றுத் தூரத்தில் கோரிமேடு இருக்கிறது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரையில், பிரெஞ்சு இந்தியாவின் எல்லை அங்கேதான் இருந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி நிறைவேறிற்று. எல்லையைப் பற்றி இங்கே சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எல்லைகளைப் போடுவதிலும் அழிப்பதிலும் நம் தேன்சிட்டுக்கு இணையான ராஜதந்திரி கிடையாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

நண்பரின் வீடு சிறியது. கொல்லை அதைவிடச் சிறியது. ஆனால் அந்தக் கொல்லையின் மூலையில் ஒரு கல்யாண முருங்கை மரம் நின்றது. முள்முருங்கை என்றும் அதைச் சொல்லுவார்கள். முப்பது வருஷத்துக்கு முன் நண்பரின் தங்கைக்குக் கலியாணம் நடந்தபோது பந்தக்காலோடு கட்டிய கிளையை, முகூர்த்தம் முடிந்த பிறகு அம்மாள் கொல்லையில் ஊன்றி வைத்தாராம். கிளையை வெட்டி ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும் ஜாதி அது. பெண் புக்ககம் போய்ப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டாள். பந்தக்கால் மரமாகிப் பந்தலைவிட உயரமாக வளர்ந்துவிட்டது.

நாம் போய்ச் சேர்ந்தபோது மரத்தில் இலையே இல்லை. கிளைதோறும் பூவே நின்றது. சிவப்பென்றால் சாதாரணச் சிவப்பா? கொல்லையில் யாரோ தீ வைத்துவிட்டார்களோ என்று எண்ணும்படியான சிவப்பு!

மறுநாள் விடியற்காலையில் அம்மாள் நம்மைத் திண்ணைக்கு அழைத்தார். "சத்தம் போடாமல் உட்காருங்கள், தம்பி. பந்தி ஆரம்பமாகப் போகிறது" என்றார்.

பந்தி என்று அவர் சொன்னது மிகவும் பொருத்தம். முதலில் மைனாக்கள் வந்தன. பிறகு காக்கைகள், ஒரு கரிச்சான், இரண்டு கிளிகள். அவற்றின் இடுக்கிலே, விரல் நீளத்தை விடச் சற்றே பெரிதான தேன்சிட்டுகள் பத்துப் பன்னிரண்டு வந்து கிளைக்குக் கிளை தாவின. ஊதாத் தேன்சிட்டின் ஆணைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் கறுப்பு. வெயில் பட்டுவிட்டாலோ நீலமும் ஊதாவுமாக மின்னுகிறது. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு மஞ்சள் வயிறு, கருஞ்சிவப்பு முதுகு, தலையிலே பச்சைப் பட்டுக் குல்லாய். வளைந்த நீள அலகுடன் இன்னொன்றும் வந்தது. லோட்டன் தேன்சிட்டு என்று அதற்குப் பெயர். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சுக் கவர்னராயிருந்த லோட்டன் என்பவரின் பெயர் அது. கவர்னர் உத்தியோகம் ஐந்து வருஷத்தில் முடிந்துவிட்டது. சிட்டின் மூலமாக அவர் பெயர் இன்னும் நம் கொல்லையில் பறந்துகொண்டிருக்கிறது.

இத்தனை பறவைகள் கூடியிருந்தும் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அங்கங்கே ஒரு சிணுங்கல், ஒரு விரட்டல்; அவ்வளவுதான். அடுத்த நிமிஷமே விரட்டியதும் விரட்டப்பட்டதும் வெவ்வேறு பூவில் தலையை விட்டுக்கொண்டிருந்தன.

"எப்படி இவ்வளவு ஒற்றுமை?" என்று கேட்டோம்.

"ஒற்றுமையாவது, ஒன்றாவது! கலியாண வீட்டில் சோறு மலையாகக் குவிந்து கிடக்கும்போது, பக்கத்து இலைக்காரனோடு யாராவது மல்லுக்கு நிற்பார்களா? பந்தி முடிந்து பாத்திரம் காலியாகும்போது வந்து பாருங்கள். அப்போது தெரியும் இந்தப் பயல்களின் குணம்" என்றார் அம்மாள்.

அன்று காலை அந்த மரத்தின் இலையைப் போட்டு அரைத்த அடை கிடைக்கவில்லையே என்று நமக்குச் சிறிது வருத்தம். சளிக்கு நல்ல மருந்தாயிற்றே! "இலைக்கு ஆனியில் வாருங்கள். பூ இருக்கும்போது இலை இல்லை, இலை இருக்கும்போது பூ இல்லை" என்று அம்மாள் சமாதானம் சொன்னார். பந்தி முடிவதைப் பார்க்கவும், அடை சாப்பிடவும் ஆனி மாதத்தில் மறுபடி போவதென்று தீர்மானித்தோம்.

ஆனியில் கல்யாண முருங்கை பச்சைப் பசேலென்று நின்றது. ஆனால் அருகே போய்ப் பார்த்தபோது பல இலைகள் கொப்புளம் கொப்புளமாக வீங்கிச் சுருண்டிருந்தன. இது ஒரு சின்னஞ்சிறு குளவியின் வேலை. இலைக்குள் அது முட்டையிட, இலை வீங்கிக் கரணையாகிவிடுகிறது. 2004ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் அந்தக் குளவிக்குப் பெயரிட்டு விவரித்தார்கள். அடுத்த சில வருஷங்களுக்குள் அது ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவி, தென்னிந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. வேலியிலும், வெற்றிலைக் கொடிக்கால்களிலும், மிளகுத் தோட்டங்களிலும் நின்ற கல்யாண முருங்கைகள் பல அதனால் நலிந்தன. அம்மாள் கொப்புளமில்லாத இலையாகப் பொறுக்கி எடுத்து, அரிசியும் மிளகும் சேர்த்து அரைத்து அடை வார்த்துப் போட்டார். ருசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.

தேன்சிட்டுகளின் பந்தி முடிந்துவிட்டிருந்தது. கொல்லையிலும் வாசலிலுமாகப் பூத்திருந்தவை இரண்டு இட்லிப்பூச் செடிகளும் ஒரு செம்பருத்தி வேலியுந்தான். அவற்றை ஓர் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஆண், சொந்தச் சொத்தாகப் பாவித்துக் காவல் காத்தது. துணி உலர்த்தும் கம்பியில் உட்கார்ந்திருக்கும். வேறொரு சிட்டு செடியை நெருங்கினால் போதும், அம்பு போலப் பாயும். கீச்சுக் கீச்சென்று ஒரே ரகளை! அடுத்த வீட்டு மதில் வரையில் துரத்திவிட்டுத் திரும்பும். ஒரு சமயம் கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றையும் துரத்தியதைக் கண்டோம். நண்பரின் மகள் பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு துரத்தலுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தாள். காலைப் பலகாரத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

"பாட்டி, இது சண்டை போடுகிற நேரத்தில் நிம்மதியாகத் தேன் குடிக்கலாமே! அசட்டுப் பறவை!" என்றாள் அந்தப் பெண்.

"அசடு இல்லையடி. பக்கத்து மனையில் அந்த முருங்கை பூக்கட்டும். அப்புறம் இந்த வேலியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எது லாபம் என்று அவனுக்குத் தெரியும்" என்றார் பாட்டி.

அந்தச் சிறு பெண்ணின் கேள்வியைத்தான் உலகத்தின் பெரிய பறவை விஞ்ஞானிகளும் கேட்டிருக்கிறார்கள். பாட்டி சொன்ன பதிலையே அவர்களும் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

1970களில் பிராங்க் கில், லாரி வுல்ஃப் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து நைவாஷா ஏரிப் பக்கத்தில் பொன்னிறச் சிறகுள்ள ஒரு தேன்சிட்டை ஆராய்ந்தார்கள். அது காவல் காத்த செடி நமக்கு அந்நியமானதன்று. தும்பைக்கு உறவான அந்தச் செடி, தண்டைச் சுற்றி முள் உருண்டைகளை அடுக்கினாற்போல் பூங்கொத்து வைத்து, அதில் செம்மஞ்சள் பூ விடும். நம் நாட்டில் சாலை ஓரங்களிலும் தரிசுகளிலும் அது ஆளுயரத்துக்கு முளைத்துக் கிடக்கிறது.

அவர்கள் போட்ட கணக்கை நம் வீட்டு வரவு செலவு நோட்டில் எழுதுவது போலவே எழுதிவிடலாம். சிட்டு சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கு 400 கலோரி செலவு. பூப்பூவாகப் போய்த் தேன் குடித்தால் மணிக்கு 1,000 கலோரி. அந்நியரைத் துரத்தினால் மணிக்கு 3,000 கலோரி! இவை மிகச் சிறிய கலோரிகள். நம் உணவைப் பற்றிப் பேசும்போது டாக்டர் சொல்லுகிற கலோரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் சில கிராம் எடையுள்ள பிராணிக்கு இவையே பெரிய தொகை.

இனி வரவைப் பார்ப்போம். யாரும் காக்காத செடிகளில் எல்லாரும் வந்து குடிப்பதால், பூ ஒன்றுக்குச் சராசரி 2 மைக்ரோ லிட்டர் தேன்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோ லிட்டர் என்பது லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்போது அன்றைய வயிற்றுப்பாட்டுக்குச் சிட்டு 4 மணி நேரம் உழைக்கவேண்டும். காவல் போட்டு, அந்நியர் குடிக்காமல் தடுத்து, தேன் 3 மைக்ரோ லிட்டராக ஊறும்படி செய்துவிட்டால் 2.7 மணி நேரம் போதும். மிச்சமாகிற 1.3 மணி நேரத்தை உட்கார்ந்து கழிக்கலாம். அதனால் 780 கலோரி மிச்சம். காவலுக்காக நாளொன்றுக்குச் சுமார் 17 நிமிஷம் ஓடியாட வேண்டியிருக்கிறது. அதற்கு அதிகப்படிச் செலவு 728 கலோரி. கழித்துப் பாருங்கள்: நிகர லாபம் 52 கலோரி!

இத்தனை ரகளையும் இந்த 52 கலோரிக்காகத்தான். ஆனால் லாபம் லாபந்தானே? ஊரெல்லாம் பூத்துத் தேன் ததும்பினால் காவல் போடுவதால் மிச்சமாவது சொற்பம். அப்போது துரத்துவது நஷ்டம். ஊரெல்லாம் வறண்டு கிடந்தாலும் காவல் வீண். காலிப் பெட்டிக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் இருக்கிறது, காத்தால் பெருகும் என்ற நிலையில்தான் சண்டை பிறக்கிறது. மாசியில் கண்ட சமாதானமும் ஆனியில் கண்ட யுத்தமும் ஒரே பறவையின் ஒரே புத்திதான். மாறியது தேனின் அளவு.

அந்த விஞ்ஞானிகள் கண்ட இன்னொரு விஷயம் இதைவிட ருசிகரமானது. ஒரு சிட்டின் ராஜ்யம் மிகப் பெரிதாக இருந்தது. இன்னொன்றின் ராஜ்யம் மிகச் சிறிதாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்த பூக்களை எண்ணினால் ஏறக்குறைய 1,600 என்றே வந்தது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு அதுதான் தேவை. பூ அடர்ந்த இடத்தில் எல்லையைக் குறுக்கிக்கொள்ளும். பூ கலைந்த இடத்தில் அகட்டிக்கொள்ளும். நாம் மனையைச் சதுர அடியில் அளக்கிறோம். தேன்சிட்டு பூவில் அளக்கிறது. கோரிமேட்டு எல்லை போய்விட்டதே என்று நாம் வரலாற்றுப் புத்தகத்தில் படிக்கிறோம். தேன்சிட்டோ காலையில் ஓர் எல்லை போட்டு, தேவை தீர்ந்ததும் தானே அழித்துவிடுகிறது.

இங்கே சில நேயர்களுக்கு ஓர் ஐயம் தோன்றலாம். ரீங்காரச் சிட்டு என்று ஒன்றைப் படத்தில் பார்த்திருக்கிறோமே, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்குமே, அதுவும் தேன்சிட்டும் ஒன்றா என்று. ஒன்றல்ல. ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. நம் தேன்சிட்டுக்கு அவை உறவும் இல்லை. ஒரே தொழிலைச் செய்வதால் ஒரே மாதிரிக் கருவிகளைப் பெற்றுவிட்ட இரண்டு குடும்பங்கள் அவை. ரீங்காரச் சிட்டு நின்றபடியே பறக்கிறது. நம் சிட்டு அவசரத்துக்கு ஒரு கணம் அப்படிச் செய்தாலும், உட்கார்ந்து சாப்பிடுவதையே விரும்புகிறது. அந்த வகையில் அது நம்மைப் போலத்தான்.

ஆனால் கணக்கு வழக்கில் ரீங்காரச் சிட்டும் சளைத்ததன்று. செந்நிற ரீங்காரச் சிட்டு என்ற இனம் மூன்று நான்கு கிராம் எடையுடன் அலாஸ்காவுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே போய் வருகிறது. வழியில் தங்கிக் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் இடங்களில், அது உட்காரும் குச்சியோடு தராசைப் பொருத்தி ஆராய்ந்து 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாளுக்கு நாள் அது தன் எல்லையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, எந்த அளவில் எடை வேகமாக ஏறுகிறதோ அந்த அளவுக்கே வந்து நின்றதாம். 2006இல் வெளியான மற்றொரு ஆராய்ச்சி கனடாவின் மலைப் பகுதியில் நடந்தது. எட்டுச் செயற்கைப் பூக்களை வைத்து, அவற்றில் நான்கைக் காலியான 10 நிமிஷத்திலும், மற்ற நான்கை 20 நிமிஷத்திலும் மீண்டும் நிரப்பி வந்தார்கள். எந்தப் பூ எப்போது நிறையும் என்பதைச் சிட்டுகள் கற்றுக்கொண்டு, விரைவில் நிறையும் பூக்களுக்கு விரைவிலும் மற்றவற்றுக்குத் தாமதித்தும் வந்தன. நெல்மணி அளவு மூளை! பால்காரர் வரும் நேரம் நமக்கு மறந்துபோகிறது.

இரவில் இந்த ரீங்காரச் சிட்டுகளில் பல உடம்பின் சூட்டைத் தாழ்த்திக்கொண்டு மரத்தாற்போல் உறங்கிவிடும். வரும்படி குறைந்த நாளில் அடுப்பை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்துக்கொள்ளும் குடும்பத்தை இது நினைவூட்டுகிறதல்லவா?

நம் நாட்டில் இந்தப் பூ–பறவை விவகாரத்தை ஒழுங்காக எழுதி வைத்தவர் சாலிம் அலி. பூக்களை நாடும் பறவைகளையும் பறவைகளை நாடும் பூக்களையும் பற்றி அவர் 1932ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மரமும் பறவையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு கடன்பட்டவை என்பது அதைப் படித்தவர்களுக்கு விளங்கும். கடன் தீர்க்காத கள்ளர்களும் உண்டு. செம்பருத்தி வேலியில் நம் காவல்காரச் சிட்டு பூவின் வாசல் வழியே போகாமல், பக்கவாட்டில் அடியிலே அலகால் குத்தித் தேனை உறிஞ்சியதை நாமே பார்த்தோம். மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. கொல்லைப்புறக் கதவால் வந்து சாப்பிட்டுவிட்டுப் பணம் கொடுக்காமல் போகும் பேர்வழி!

மூன்றாம் முறை நாம் கதிர்காமத்துக்குப் போனது தேன்சிட்டுக்காக அன்று. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரு நாளுக்குள் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. தெருக்கள் குளமாயின. வெள்ளம் வடிந்தபின் நண்பரைப் பார்த்து விசாரித்து வரலாமென்று போனோம்.

வீட்டில் எல்லாரும் சௌக்கியம். ஆனால் கல்யாண முருங்கை சாய்ந்துவிட்டது. 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் பாதி முறிந்தும் மறுபடி துளிர்த்த மரம் அது. இம்முறை வேரோடு போய்விட்டது. குளவியின் உபத்திரவத்தால் ஏற்கெனவே மெலிந்திருந்ததும் ஒரு காரணமாயிருக்கலாம். கொல்லையில் திடீரென்று வெளிச்சம் அதிகமாகிவிட்டது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

தேன்சிட்டுகள் இருந்தனவா? இருந்தன. ஆனால் காவலும் இல்லை, பந்தியும் இல்லை. மழையில் பூக்கள் உதிர்ந்தும் அழுகியும் கிடந்தன; நின்ற பூக்களிலும் தேனைத் தண்ணீர் கழுவிவிட்டிருந்தது. ஓர் ஊதாத் தேன்சிட்டு வந்தது. பிரகாசமான ஊதாச் சட்டையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் நெஞ்சில் ஒரே கறுப்புக் கோட்டுடன், வேஷம் கலைத்த ராஜபார்ட்டைப் போல இருந்தது. கூரையோரத்துச் சிலந்தி வலைகளில் தேடியது. வாழைப்பூவின் மடலைப் புரட்டியது. பக்கத்து மனை முருங்கைக்குப் போயிற்று. அங்கிருந்து எங்கோ மறைந்தது. வேறொரு சிட்டு அருகில் வந்தபோது ஏறிட்டும் பார்க்கவில்லை. காக்க எதுவும் இல்லாதபோது எல்லையும் இல்லை. கில்லும் வுல்ஃபும் போட்ட கணக்கின் மூன்றாவது பத்தியை அன்று கண்ணால் கண்டோம்.

நண்பரின் மகளுக்கு மனம் பொறுக்கவில்லை. "பாட்டி, ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் கட்டித் தொங்கவிடட்டுமா?" என்றாள்.

அம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "இன்றைக்கு வேண்டுமானால் வை. ஆனால் பாட்டிலைத் தினம் கழுவவேண்டும். நீ பள்ளிக்கூடம் போய்விட்டால் யார் கழுவுவது? அத்தோடு, குஞ்சுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதுமா? புழுவும் சிலந்தியும் அல்லவா ஊட்டுகிறது அது! பாட்டிலில் சிலந்தி வருமா?" என்றார்.

பாட்டி சொன்னது முற்றும் உண்மை. தேன்சிட்டு தேனைக் குடித்துத் தான் உழைக்கிறதே தவிர, குஞ்சுகளைப் பூச்சிகளையும் சிலந்திகளையும் ஊட்டியே வளர்க்கிறது. தொங்கும் பைபோன்ற கூட்டைப் பெண்சிட்டு இழைத்துக் கட்டுவதற்கும் சிலந்தி நூல்தான் வேண்டும். மரம் இருந்தால் பூவும் பூச்சியும் சிலந்தியும் மூன்றும் கிடைக்கும். பாட்டில் ஒன்றைத்தான் கொடுக்கும்.

தேன்சிட்டு மிகவும் கெட்டிக்காரப் பிராணி. தேன் கூடினால் ஒரு விதமாகவும், குறைந்தால் வேறு விதமாகவும், அற்றுப்போனால் மூன்றாவது விதமாகவும் பிழைக்கத் தெரிந்தது. ஆனால் இந்தச் சாமர்த்தியம் எல்லாம், ஒரு பூ முடிந்தால் பறக்கும் தூரத்தில் இன்னொரு பூ தொடங்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. இலவு, கல்யாண முருங்கை, பலாசு, மாமரத்தில் ஒட்டிய புல்லுருவி, முருங்கை, வாழை, தென்னை, செம்பருத்தி என்று பன்னிரண்டு மாதமும் அறுபடாமல் ஓடவேண்டிய சங்கிலி அது. அதில் ஒரு கண்ணி போனால் சிட்டு சமாளிக்கும். இரண்டு போனால் எல்லையை அகட்டும். அடுத்தடுத்து நாலு கண்ணி போனால் எவ்வளவு கணக்குத் தெரிந்தும் பயனில்லை. வரவே இல்லாத வீட்டில் வரவு செலவு நோட்டு வைத்துக்கொண்டு என்ன செய்வது? கதிர்காமம் போன்ற ஊர்களில் மனைக்கு மனை மரம் போய் மாடி வருகிறபோது, நமக்குத் தெரியாமலே அந்தக் கண்ணிகள் கழன்று விழுகின்றன.

அன்று மாலை வீட்டில் ஒரு சிறு விவாதம் நடந்தது. மரம் விழுந்த இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டுக் கார் நிறுத்தலாம் என்பது நண்பரின் யோசனை. காரைத் தெருவில் நிறுத்தி வெள்ளத்தில் அது பட்ட பாட்டை நாமும் பார்த்தோமாகையால், அவர் பேச்சில் நியாயமில்லை என்று சொல்லுவதற்கில்லை. அம்மாள் மறுத்துப் பேசவில்லை. விழுந்த மரத்தில் உயிருள்ள கிளைகளாகப் பார்த்து நாலைந்து போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, கிணற்றடி நிழலில் சாத்தி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இவளுக்கு ஒரு நாள் கலியாணம் நடக்கும். அப்போது பந்தக்காலுக்குக் கிளை கேட்டு எந்த வீட்டு வாசலில் போய் நிற்பாய்?" என்று மகனைக் கேட்டார். அவ்வளவுதான்.

நண்பர் பேசாமல் எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். தளம் பாதியாயிற்று. மீதிப் பாதியில் இரண்டு போத்து ஊன்றினார்கள். மிச்சப் போத்துகளை அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார் அம்மாள். இரண்டு வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் இடமில்லை என்று திருப்பியனுப்பிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து நண்பரின் மகள் நமக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஊன்றிய இரண்டில் ஒன்று காய்ந்துவிட்டதாம். மற்றொன்றில் மூன்று துளிர். பூக்க இன்னும் நாளாகும் என்று பாட்டி சொல்லுகிறாளாம். ஆனாலும் பக்கத்திலுள்ள செம்பருத்திக்கு வருகிற ஆண்சிட்டு, போகிற போக்கில் அந்தப் போத்தின் நுனியில் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டுப் போகிறதாம்.

"எதற்காக உட்காருகிறது என்று பாட்டியைக் கேட்டேன். 'கடை எப்போது திறப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போகிறான்' என்றாள்" என்று கடிதத்தை முடித்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அதைப் படித்துக் காட்டினோம். அவர் கேட்ட பிரசாதம் கதிர்காமத்திலிருந்து வந்தபாடில்லை. ஆனால் மறுநாள் காலையில், தம் வீட்டுச் செம்பருத்திக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். கையில் ஒரு பழைய டைரியும் பென்சிலும் இருந்தன.